பல பேர் சூழ்ந்துகொண்டால் கட்டா எதற்கு உதவும்?

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் கராத்தே பழகும் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். மாஸ்டர் எண்ணிக்கை சொல்லச் சொல்ல, இடப்பக்கம் திரும்பிக் கையால் கீழ்நோக்கித் தட்டுகிறார்கள். ஓரடி முன்வைத்துக் குத்துகிறார்கள். அப்படியே முழுதாகப் பின்னால் திரும்பி அதையே மறுபடி செய்கிறார்கள். எதிரே யாரும் கிடையாது. இதுதான் கட்டா. புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஏன் இப்படி என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நாலு பக்கத்துலேருந்தும் ஆளு வர்றாங்கன்னு நெனச்சுக்கோ."

அந்தப் பதிலை ஒரு கட்டாவை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவின் வகுப்புகளில் முதலில் கற்றுத்தருவது ஹெயான் ஷோடான். ஷிட்டோ ரியூ என்ற இன்னொரு பிரிவின் வகுப்புகளில் ஏறக்குறைய அதே கட்டாவுக்குப் பினான் நிதான் என்று பெயர். ஜப்பானின் ஒகினாவா தீவில் இத்தோசு அன்கோ என்ற ஆசான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் கராத்தேயைக் கொண்டுசென்ற காலத்தில் பரப்பிய ஐந்து கட்டாக்களில் இதுவும் ஒன்று. இதில் மூன்று முறை மேல்தடுப்புச் செய்துகொண்டே நேராக முன்னேற வேண்டும். முடிவில் வலக்கால் முன்னே நிற்கும். அடுத்த எதிரி வலப்பக்கம் இருப்பதாகக் கணக்கு. வலப்பக்கம் திரும்ப 90 பாகை போதும். கட்டாவோ இடப்பக்கமாகச் சுழன்று, முதுகைக் காட்டி, 270 பாகை சுற்றி அங்கே வந்து சேர்கிறது.

வலத்தோளுக்குப் பக்கத்தில் ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு நிற்கும்போது, அவன் மேலிருந்து கண்ணை எடுத்து முக்கால் வட்டம் சுற்றி வருவது தற்காப்பே ஆகாது. ஒரு கைவீச்சு முகத்தை வந்தடைய அரை நொடிகூட ஆகாது. இந்தத் திருப்பம் வேறு ஏதோ வேலைக்காக வைக்கப்பட்டது என்பது அதன் அமைப்பிலேயே தெரிகிறது.

ஷிட்டோ ரியூவைத் தோற்றுவித்தவரும் இத்தோசுவின் மாணவருமான மபுனி கென்வா, 1938இல் வெளியான தன் நூலில் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார். எட்டுத் திசைக்கு நகர்வதால் அந்தக் கட்டா எட்டுப் பேரோடு போடும் சண்டை என்று சொல்வது அபத்தம் என்பது அவர் கருத்து. கட்டாவின் திசைகள், எதிரே இருக்கும் ஒருவனுக்கு எந்தக் கோணத்தில் நாம் நகர வேண்டும் என்பதைத்தான் காட்டுகின்றன. 270 பாகைத் திருப்பத்தை, பிடித்த ஆளைச் சுழற்றிக் கீழே வீழ்த்தும் எறிதலாகப் பலர் விளக்குகிறார்கள். இயற்பியலும் அதற்கு ஒத்துவருகிறது. திருப்புவிசை எவ்வளவு நேரம் செயல்படுகிறதோ அந்த அளவுக்குக் கோண உந்தம் கூடும். இடுப்பு நீண்ட வட்டம் சுற்றும்போது, பிடியில் இருக்கும் ஆளின் உடலுக்கும் அவ்வளவு நேரம் சுழற்சி ஏறுகிறது.

அப்படியானால் பல பேரைச் சமாளிக்கக் கட்டாவால் பயனே இல்லையா என்றால், உண்டு. ஆனால் பயன் நாம் வழக்கமாக நினைக்கும் இடத்தில் இல்லை. எவன் முதலில் வருவான், எவன் அடுத்து வருவான் என்ற கதை கட்டாவில் கிடையாது. திரும்புவது என்ற ஒரே செயலை உடம்பில் ஆழமாகப் பதிய வைக்கக் கட்டாவைப் போன்ற பயிற்சி குறைவு. சூழப்பட்டவர் முதலில் தடுமாறுவது அங்கேதான்.

திரும்பத் தரையின் உதவி வேண்டும். காலுக்கும் தரைக்கும் இடையே உராய்வு இல்லாமல் சுழற்சியைத் தொடங்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. முன்கால் மடங்கிய நீள நிலையில் எடையில் சுமார் 60 சதவீதம் முன்காலில் இருக்கும்படி கற்றுத்தருகிறார்கள். எடை இரண்டு காலிலும் பங்கிட்டு நிற்கும்வரை எந்தக் காலையும் எடுக்க முடியாது. அதனால் எடை முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றி அதை அச்சாக்கினால்தான் மற்றக் கால் விடுபடும். புதியவர்கள் திரும்பும்போது தள்ளாடுவதற்குக் காரணம், எடை மாறி முடியும் முன்பே காலை இழுப்பதுதான். முன்பின்னாக நீண்டு நிற்கும் நிலை, பக்கவாட்டில் ஒடுங்கிவிட்டால் லேசாகத் தள்ளினாலே சாய்த்துவிடும். உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு, பாதங்கள் அடைக்கும் பரப்புக்குள் விழ வேண்டும். அதனால்தான் "தோள் அகலம், தோள் அகலம்" என்று மாஸ்டர் சலிக்காமல் கத்திக்கொண்டே இருக்கிறார்.

கைகளின் வேலையும் இதில் சேர்ந்ததே. திரும்பத் தொடங்கும்போது இரண்டு கைகளும் மார்புக்கு அருகே குறுக்காக வருகின்றன. நிறை அச்சுக்கு அருகில் வரும்போது நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சிக்கு உடல் காட்டும் தடை, குறைந்து, உடல் வேகமாகச் சுழல்கிறது. திருப்பம் முடியும் கணத்தில் கை வெளியே விரிகிறது. நிலைமத் திருப்புத்திறன் கூடிச் சுழற்சி தளர்கிறது, பாதம் ஊன்றி நிறுத்துகிறது. கீழ்த்தடுப்பு என்று நாம் பெயர் வைத்திருக்கும் அசைவுக்குள் இந்தக் கணக்கும் ஒளிந்திருக்கிறது.

தலை முதலில், உடல் பிறகு என்பது இன்னொரு விதி. நடக்கும்போது தெருமுனையில் திரும்பினாலும் நம் கண்ணும் தலையும் உடலுக்கு முன்பே திரும்பிவிடுகின்றன. கட்டா அந்த இயல்பைக் கூர்தீட்டுகிறது. உள்காதின் அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்ந்து, நூற்றில் ஒரு பங்கு நொடி அளவிலேயே கண்ணை எதிர்ப்பக்கம் நகர்த்திக் காட்சியை நிலையாகப் பிடிக்கின்றன. தலை முன்கூட்டியே போய் நின்றுவிட்டால், உடல் வந்துசேரும்போது கண் ஏற்கெனவே அங்கே பார்த்துக்கொண்டிருக்கும்.

உடலின் பங்கு இவ்வளவுதான். மூளையின் பங்கை எதிரே ஆளில்லாத கட்டா தொடுவதே இல்லை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

கண்ணில் பட்ட ஒரு குறிப்புக்கு நாம் எதிர்வினை காட்டச் சுமார் கால் நொடி ஆகிறது. வரக்கூடியவை பல என்றால் எது என்று முடிவு செய்ய இன்னும் நேரம் பிடிக்கும். 1952இல் பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் ஹிக் இதை அளந்து, வாய்ப்புகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் எதிர்வினை நேரம் ஏறத்தாழ ஒரே அளவு நீள்கிறது என்று காட்டினார். இதைவிடக் கொடியது இன்னொன்று. முதல் குறிப்புக்கு மூளை பதிலைத் தேர்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்தால், அது காத்துக்கிடக்கிறது. முதல் வேலை முடிந்த பிறகே இரண்டாவதைக் கவனிக்க முடியும். 1931இலேயே கண்டறியப்பட்ட இந்தத் தாமதம் யாருக்கும் விலக்கு அளிப்பதில்லை. பயிற்சியால் குறையும், ஆனால் எளிதில் மறையாது. ஒருவன் குத்த வருகிறான், அதைத் தடுக்கிறீர்கள், அதே கால் நொடிக்குள் மற்றொருவன் வருகிறான். அந்த இரண்டாவது ஆள் திறமைசாலியாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. உங்கள் மூளையின் வரிசையில் அவன் தானாகவே பின்னால் போய்விடுகிறான்; அடி விழுந்துவிடுகிறது.

கவனத்துக்கும் எல்லை உண்டு. 1988இல் ஸெனான் பிலிஷினும் அவருடைய சக ஆய்வாளரும், ஒரே மாதிரித் தோன்றும் பல புள்ளிகள் திரையில் அலையும்போது அவற்றில் எத்தனையை ஒருவர் தொடர்ந்து பார்க்க முடியும் என்று சோதித்தார்கள். நான்கைந்துக்கு மேல் பின்தொடர்வது கடினம் என்று தெரிந்தது. அதுவும் கண் முன்னால் இருக்கும் திரையில்! நமது இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் பரப்பு கிடைமட்டமாகச் சுமார் 200 பாகை. மிச்சம் 160 பாகை இருட்டு. பயமும் பதற்றமும் சேரும்போது கவனம் இன்னும் குறுகி ஒரே ஆள்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒருவன் முகத்திலிருந்து மற்றவன் முகத்துக்குக் கண் தாவும் ஒவ்வொரு முறையும் மூளை பார்வையைச் சற்று அடக்கிவிடுவதால், மாறி மாறி முறைத்துப் பார்ப்பதும் உதவாது. எவர் முகத்திலும் நிலைக்காமல், எல்லோரும் ஓரப்பார்வையில் இருக்கும்படி நிற்பது மேல். ஓரப்பார்வைக்கு விவரம் தெரியாது. அசைவு நன்றாகத் தெரியும்.

சரி, எத்தனை பேர் என்பதைவிட எப்படி நிற்கிறார்கள் என்பது ஏன் முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு. மூன்று பேர். ஒவ்வொருவரையும் விலக்க உங்களுக்கு ஒரு சுற்று நேரம், அதாவது ஒரு வேளை, பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு வேளையில் ஓர் அடி போடுகிறார்கள். மூவரும் ஒருசேரச் சூழ்ந்தால் முதல் வேளையில் 3 அடி, அடுத்து 2, அடுத்து 1, மொத்தம் 6. மூவரும் ஒருவர் பின் ஒருவராக நிற்கும்படி நீங்கள் நகர்ந்துவிட்டால் மொத்தம் 3 தான். ஐந்து பேரானால் 15க்கு 5. கூட்டம் பெருகப் பெருக இந்த இடைவெளி வேகமாக விரிகிறது. 1916இல் இங்கிலாந்துப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் போர்ப்படைகளுக்கு எழுதிய சமன்பாடுகள் இதன் பெரிய வடிவம்: எல்லோரும் எல்லோரையும் தாக்க முடிந்தால் படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும், ஒருவருக்கு ஒருவராகத்தான் மோத முடியும் என்றால் எண்ணிக்கையின் அளவாகவே ஏறும். அவர் மனதில் இருந்தவை துப்பாக்கிகளும் விமானங்களும். ஆனால் அந்தக் கணக்கு தெருவுக்கும் பொருந்துகிறது.

ஆக, பல பேருக்கு எதிரான முதல் அசைவு குத்தும் அல்ல, தடுப்பும் அல்ல, பக்கவாட்டில் நகர்தல். எதிரே இருவர் இடமும் வலமுமாக நிற்கும்போது அவர்களுக்கு நடுவே போவதுதான் மிக மோசமான தேர்வு. ஒருவனுக்கு வெளிப்புறமாக அரைவட்டத்தில் நகர்ந்தால், அவன் உடலே மற்றவனுக்குத் தடையாகிறது. பின்னவன் சுற்றிக்கொண்டு வர நீண்ட வழி போக வேண்டும். அவன் வந்து சேர்வதற்குள் நீங்கள் மறுபடி நகர்ந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் இதை உடம்பால் அறிந்தவர்கள் கபடி ஆடுபவர்கள். பாடிப் போகிறவருக்கு எதிரே ஏழு பேர் வரை. யாரையும் தொடாவிட்டால் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் உள்ள கோட்டையாவது தாண்டித் திரும்ப வேண்டும். கிடைப்பது 30 நொடி. நல்ல ஆட்டக்காரர் ஏழு பேரையும் தன் முகத்துக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டு பக்கவாட்டிலேயே ஆடுகிறார். மூலையில் நிற்பவர் தன் பின்பக்கம் வரும் அளவுக்கு உள்ளே போவதைத் தவிர்க்கிறார். போனால் கணுக்கால் பிடி விழும். ஒரு பக்கம் பாவனை காட்டி மறுபக்கம் தொடுகிறார். தடுப்பவரின் மூளை முதல் குறிப்பில் சிக்கியிருக்கும் அந்தக் கால் நொடியைத்தான் அவர் பறிக்கிறார். கராத்தே வகுப்புகள் கபடிக் களத்திலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

கட்டாவை இதற்கு ஏற்றபடி எப்படிப் பழகுவது? வரிசையை உடைப்பதில் தொடங்கலாம். 1979இல் ஷியா, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரே அசைவைத் தொடர்ந்து பழகியவர்களையும் பல அசைவுகளைக் கலைத்துப் போட்டுப் பழகியவர்களையும் ஒப்பிட்டார்கள். பயிற்சியின்போது கலைத்துப் பழகியவர்கள் பின்தங்கினார்கள்; நாள்கள் கழித்துச் சோதித்தபோது அவர்களே முந்தினார்கள். ஒவ்வொரு முறையும் மூளை செயலைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருப்பது இதற்கு ஒரு முக்கிய விளக்கம். கட்டாவை முழுதாகக் கற்ற பிறகு அதன் 90, 180, 270 பாகைத் திருப்பங்களைத் தனித்தனியாக எடுத்து, மாஸ்டர் விரல் காட்டும் திசைக்கு, முன்கூட்டித் தெரியாத வரிசையில் செய்ய வைக்கலாம். பிறகு மூன்று தோழர்களை நடக்க விடலாம். குத்து வேண்டாம். நடுவில் இருப்பவர் கையைத் தூக்காமல், காலை மட்டும் நகர்த்தி மூவரையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். கோடு உடைந்தால் மறுபடி. பார்க்க விளையாட்டாகத் தெரியும், மூச்சு வாங்கிவிடும். இது பழகிய பின்பே பஞ்சுத் தட்டைப் பிடித்து ஒவ்வொருவராகத் தாக்க விடலாம்.

மணலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் அளந்திருக்கிறார்கள். உழைப்புக்கு நல்லது. ஆனால் உலர்ந்த மணலில் பாதம் புதைந்து மாட்டிக்கொள்ள, மேலே உடல் 270 பாகை திரும்பினால் அந்த முறுக்கு முழங்காலில் போய் விழும். சுழலும் பயிற்சிகளை அலை நனைத்த கெட்டி மணலில் வைத்துக்கொள்ளுங்கள். குதிகாலைச் சற்றுத் தூக்கித் திரும்புங்கள். சிறுபிள்ளைகளுக்கு இதை ஒவ்வொரு வகுப்பிலும் நினைவூட்ட வேண்டும்.

புதுச்சேரி பீச் ரோட்டில் காலையில் பழகுபவர்களுக்கு வேறொரு பாடம் கிடைக்கிறது. கிழக்கே கருங்கல் பாறைகள், அதற்கப்பால் கடல். பாறைக்கு முதுகு காட்டி நின்றால் பின்னாலிருந்து ஆள் வர முடியாது. 160 பாகை இருட்டு அடைபட்டுவிடும். பாதுகாப்பாகத் தோன்றும். அதே நேரம் நகர இடமில்லாமல் போவதால் யாரையும் கோட்டில் நிறுத்த முடியாது. மூவரும் அரைவட்டமாக நின்று ஒருசேர எட்டுவார்கள். கணக்கு 3இலிருந்து 6க்குப் போய்விடுகிறது. மேற்கே ஊருக்குள் போகும் தெருக்கள் வரிசையாகத் திறக்கின்றன. சுவரைத் தேடுவதைவிட அந்தத் திறப்பைத் தேடுவதே சரி.

தசைகள் முழு வேகத்தில் இயங்கக் கையிருப்பில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய 10 நொடிக்குத்தான். அதன்பிறகு வேகம் இறங்கத் தொடங்கும். அந்த 10 நொடியை மூன்று பேரை வீழ்த்தச் செலவிடுவதா, ஒருவனைக் கடந்து வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உள்ள இடத்துக்கு ஓடச் செலவிடுவதா என்பதை முன்பே முடிவுசெய்து, அதையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் வகுப்புகளில் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை என்பேன். மூன்று தோழர்களோடு கோட்டுப் பயிற்சி செய்யும்போது, கோடு அமைந்த கணத்திலேயே மாஸ்டர் விசில் ஊதட்டும். பிள்ளை சில்வர் பீச் மணலிலிருந்து சாலைப்பக்கம் முழு வேகத்தில் இருபது முப்பது மீட்டர் ஓடட்டும். மற்ற மூவரும் துரத்தட்டும்.