கோயர்சிவ் கன்ட்ரோல்: தமிழில் என்ன சொல்லலாம்?

கணவரோ காதலரோ ஒரு பெண்ணின் பணம், போன், போக்குவரத்து, உறவு எல்லாவற்றையும் தன் அனுமதிக்குள் கொண்டுவந்து, மீறினால் என்ன ஆகுமோ என்ற பயத்திலேயே அவளை வைத்திருப்பதற்குப் பெயர் கோயர்சிவ் கன்ட்ரோல். அடியும் சேர்ந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கோயர்சிவ் என்பதன் வேர் லத்தீன். அடைத்து வைப்பது என்று பொருள். கன்ட்ரோலின் கதைதான் சுவையானது. இடைக்கால லத்தீனில் 'கான்ட்ராரோட்டுலஸ்' என்றால் எதிர்ச்சுருள். ஒருவர் எழுதும் கணக்கைச் சரிபார்க்க இன்னொருவர் வைத்திருக்கும் நகல் அது. ஆக, சொல் பிறந்ததே கணக்குப் பார்ப்பதில்தான். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் அவள் பெயரில் வங்கியில் ஏறும். ஏடிஎம் கார்டு கணவர் சட்டைப்பையில் இருக்கும். கடைக்குப் போய் வந்தால் மிச்சச் சில்லறைக்கு விசாரணை. அம்மாவிடம் பேசுவதென்றால் ஸ்பீக்கரில் போட்டுத்தான். அம்பாசமுத்திரத்திலுள்ள பிறந்த வீட்டுக்குப் போய் இரண்டு கோயில் கொடைத் திருவிழா தாண்டியிருக்கும்.

கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானப்படையினரை எப்படிப் பணிய வைத்தார்கள் என்று சமூகவியலாளர் ஆல்பர்ட் பிடர்மன் 1957-இல் எழுதினார். தனிமைப்படுத்துவது, அற்ப விதிகளைத் திணிப்பது, நடுநடுவே கொஞ்சம் சலுகை காட்டுவது. வீட்டுக்குள்ளும் இதே முறைதான் என்பதைப் பெண்களுக்காக வேலை செய்தவர்கள் பிறகு கண்டுகொண்டார்கள். கோயர்சிவ் கன்ட்ரோல் என்ற சொல்லைப் பரவலாக்கியது அமெரிக்கச் சமூகவியலாளர் இவான் ஸ்டார்க்கின் 2007-ஆம் ஆண்டு நூல். இங்கிலாந்தும் வேல்ஸும் 2015-இல் இதைத் தனிக் குற்றமாக்கின. 5 ஆண்டு வரை சிறை.

சரி, தமிழில்? 'வற்புறுத்தும் கட்டுப்பாடு' என்று எழுதலாம்தான். ஆனால் விருந்தாளியை இன்னொரு தோசை சாப்பிடச் சொல்வதும் நமக்கு வற்புறுத்தல்தான். கட்டுப்பாடோ பாராட்டுச் சொல்: 'கட்டுப்பாடான குடும்பம்' என்று சொல்லித்தான் பெண் கொடுப்பார்கள். இரண்டையும் சேர்த்தால் குற்றம் நற்சான்றிதழ் போல் ஒலிக்கிறது. எனக்கு 'அடக்கியாளல்' பிடித்திருக்கிறது. ஆளுபவர் ஒருவர், அடங்குபவர் ஒருவர் என்பது அதில் தெரிகிறது.

ஆளுபவர் ஊரில் பெரிய மனிதராக இருந்துவிட்டால் அவள் பேச்சு எடுபடுவதில்லை. "அண்ணாச்சியா? கோயில் கொடைக்கு அவுகதான முன்ன நிக்காக!" அடுத்து, "அடிச்சாகளா? இல்லன்னா பொறவு என்னட்டி?" வெளியே நல்லவராக இருப்பது வீட்டுக்குள் நடப்பதற்கு மறுப்பு ஆகாது, அந்த நல்ல பெயரே அவருக்குப் பலம். தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் சின்ன விஷயம். அதனால் அவளை முழுதாகப் பேசவிட்டுக் கேட்க வேண்டும். அப்புறம், 'ஏன் அப்போதே சொல்லவில்லை' என்று மடக்குவதைவிட, கார்டு யார் கையில் இருக்கிறது என்று கேட்பது மேல்.

இந்தியாவில் இந்தப் பெயரில் தனிக் குற்றம் இல்லை. ஆனால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லாலும் மனத்தாலும் பணத்தாலும் படுத்துவதையும் வன்முறை என்கிறது. திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் பொருந்தும். நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணையை அவர் மீறினாரா என்பதை அந்தப் பெண்ணின் சாட்சியத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் முடிவு செய்யலாம் என்கிறது பிரிவு 32. புகாரை மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுக்கலாம். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தும் உதவி கேட்கலாம்.