ஜெனரேட்டட் காலம்: கணக்கீட்டுப் பத்தி

தரவுத்தள அட்டவணையில் யாரும் கையால் மதிப்பு எழுத முடியாத பத்தி இது. அதே வரிசையில் உள்ள மற்றப் பத்திகளைக் கொண்டு, கொடுத்த சூத்திரப்படி தரவுத்தளமே கணக்கிட்டுக்கொள்ளும். ஆத்தங்குடிக் கல் விற்கும் கடையின் பில் அட்டவணையில் எண்ணிக்கை 200, விலை 50 என்று ஏற்றினால், தொகைப் பத்தியில் 10,000 தானே வந்து நிற்கும்.

'ஜெனரேட்' என்பதன் வேர், பிறப்பித்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல். 'காலம்' என்பதன் வேரான 'கொலும்னா' தூணைக் குறிப்பது; செட்டிநாட்டு வீட்டு முற்றமான வளவைச் சுற்றி நிற்கும் தூண் வரிசையை நினைத்தால் பொருள் பிடிபடும். தமிழ் எழுத்தில் 'காலம்' என்று எழுதினால் நேரமாகிவிடுகிறது. இதற்காகவேனும் தமிழ்ச்சொல் தேவை.

'உருவாக்கிய நெடுவரிசை' சரிப்படாது. எல்லா நெடுவரிசையும் யாரோ உருவாக்கியதுதான். கணிதப் பாடநூலின் 'நிரல்' அழகான சொல், ஆனால் கணினித் துறையில் அது புரோகிராமைக் குறிக்கிறது. தனிப்பத்தி ரொக்க ஏடு, முப்பத்தி ரொக்க ஏடு என்று கணக்கியலில் 'பத்தி' ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. நகரத்தார் கணக்கில் ஐந்தொகை என்பது பேரேட்டிலிருந்து கூட்டி எடுப்பது. அதில் யாரும் தம் விருப்பப்படி ஒரு தொகையை எழுதிவைப்பதில்லை. 'கணக்கீட்டுப் பத்தி'யின் இயல்பும் அதுவே.

இதில் இரு வகை. 'ஸ்டோர்டு' என்பது கணக்கிட்ட மதிப்பை வட்டில் (டிஸ்கில்) எழுதிவைப்பது. 'விர்ச்சுவல்' எழுதிவைக்காது, படிக்கும்போது கணக்கிடும். மைசீக்குவல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.7ஆம் பதிப்பில் இரண்டும் வந்தன. இன்னொரு தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 12 (2019) முதலில் சேமிக்கும் வகையை மட்டும் தந்தது. விர்ச்சுவல் 18ஆம் பதிப்பில்தான் வந்தது.

இப்பத்தியின் வரையறையில் வரும் 'ஆல்வேஸ்' (எப்போதும்) என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எப்போதும் என்றால் காப்பு நகலை மீட்கும்போதும்தான். நகல் கோப்பில் தரவை ஏற்றும் 'இன்சர்ட்' வரியில் தொகைப் பத்திக்கு 10,000 என்று எழுதியிருந்தால், அந்த மதிப்பு சரியாகவே இருந்தாலும் மைசீக்குவல் 3105 என்ற பிழை எண்ணோடு நிறுத்திவிடும். அந்த இடத்தில் 'டிஃபால்ட்' என்ற சொல்லை மட்டுமே ஏற்கும். பெரும்பாலும் காரணம், மைசீக்குவல் சர்வரை, அதிலிருந்து கிளைத்த மரியாடிபி என்ற மென்பொருளின் டம்ப் (நகலெடுக்கும்) கருவியால் நகலெடுத்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இயல்பாக நிறுவப்படுவது மரியாடிபி கிளையன்ட் என்பதால் இது தெரியாமலே நடக்கும். கருவியின் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். மைசீக்குவலின் சொந்தக் கருவியால் மறுபடி நகலெடுத்தால் தீர்ந்தது.

பழைய சர்வரே இல்லையென்றால், கோப்பில் அட்டவணையை வரையறுக்கும் 'கிரியேட் டேபிள்' பகுதியில் சூத்திரத்தை நீக்கி அதைச் சாதாரணப் பத்தியாக்கி, தரவை ஏற்றுங்கள். உடனே சூத்திரத்தைத் திரும்ப வைக்காமல், தொகையும் எண்ணிக்கை × விலையும் ஒத்துப்போகாத வரிசைகள் உண்டா என்று ஒரு வினவல் ஓட்டுங்கள். பழைய மதிப்பைப் பார்க்க இதுவே கடைசி வாய்ப்பு. பிறகு ஸ்டோர்டு வகைக்கு பத்தியை மாற்றும் 'மாடிஃபை' கட்டளை போதும். விர்ச்சுவலுக்கு அப்படி மாற்ற முடியாது; பத்தியை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸின் நகலெடுக்கும் கருவியான பிஜி டம்ப் இந்தப் பத்தியின் தரவை நகலில் சேர்ப்பதே இல்லை. மீட்கும்போது புதிதாகக் கணக்கிடப்படும். அங்கே சிக்கல் வேறு. மீட்பின்போது தேடுபாதை (பெயர்களை எந்த ஸ்கீமாவில், அதாவது எந்த அட்டவணைத் தொகுப்பில், தேடுவது என்ற பட்டியல்) வெறுமையாக்கப்படுவதால், சூத்திரம் அழைக்கும் ஃபங்ஷனுக்குள் ஸ்கீமா பெயர் இல்லாமல் எழுதிய அழைப்புகள் 'இல்லை' என்று விழும். மூலத் தரவுத்தளத்திலேயே ஸ்கீமா பெயரைச் சேர்த்துவிட்டு மறுபடி நகலெடுக்க வேண்டும். இதைவிடக் கெட்டது, வேறு அட்டவணையைப் படிக்கும் ஃபங்ஷனை 'இம்யூட்டபிள்' (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவது) என்று பொய்யாக அறிவித்துச் சூத்திரத்தில் வைப்பது. அந்த அட்டவணை ஏறுவதற்கு முன்பே கணக்கு நடந்தால், பிழைச்செய்தி எதுவுமின்றிப் பத்தி வெறுமையாக நிற்கும். வரி விகிதத்துக்கென ஓர் அட்டவணை வைத்திருப்பவர்கள், பில் எழுதும்போதே அந்த விகிதத்தைப் பில் வரிசையிலேயே தனிப் பத்தியாக எழுதிவிட வேண்டும்.