சைகைமொழிப் பெட்டிக்கு எவ்வளவு இடம்?

விழிப்புணர்வு வீடியோக்களை எடிட் செய்து தருவது என் தொழில். வேலை முடியும் தறுவாயில் வாடிக்கையாளரிடமிருந்து இப்போதெல்லாம் ஒரு கோரிக்கை வருகிறது: "சைகைமொழி பெயர்ப்பாளரையும் ஓரமாகப் போட்டுவிடுங்கள்." செய்வது எளிதுதான். எடிட்டிங் மென்பொருள் பிரீமியரோ டாவின்சி ரிசால்வோ கைபேசியில் கைன்மாஸ்டரோ, எல்லாவற்றிலும் முறை ஒன்றே. மொழிபெயர்ப்பாளரின் கிளிப்பை மேல் டிராக்கில், அதாவது மூலவீடியோவுக்கு மேலுள்ள அடுக்கில் வைத்து, சிறு பெட்டியாகச் சுருக்கி மூலைக்கு நகர்த்தினால் தீர்ந்தது. ஆனால் அப்படி வைத்த பெட்டிகளில் பாதிக்கு மேல் யாருக்கும் பயன்படாதவை.

முதல் கோளாறு கணக்கில் இருக்கிறது. ஸ்கேல் (படத்தின் அளவு) 25 சதவீதம் என்று கொடுத்தால் படம் கால்பங்கு ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அகலம், உயரம் இரண்டும் கால்பங்காகச் சுருங்குவதால், திரையில் அது பிடிக்கும் இடம் பதினாறில் ஒரு பங்குதான். 1920×1080 படத்தில் வெறும் 480×270. அதைக் கைபேசியில் பார்ப்பவருக்கு விரல்கள் தெரியாது. புருவம் தெரியவே தெரியாது. சைகைமொழியில் புருவத்தை உயர்த்துவதும் இறக்குவதும் இலக்கணம். கேள்வியா, சாதாரண வாக்கியமா என்பதைப் பல இடங்களில் முகம்தான் சொல்கிறது.

பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், மொழிபெயர்ப்பாளரின் உருவம் பொதுவாகத் திரையின் வலப்பக்கம், ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42-ஆம் பிரிவில், மின்னணு ஊடகங்களில் சைகைமொழி பெயர்ப்பு கிடைக்க வழிசெய்யச் சொல்கிறது. பெட்டியின் அளவு பற்றி அந்தப் பிரிவில் பேச்சில்லை. நான் ஆறில் ஒரு பங்கையே பின்பற்றுகிறேன். கிளிப்பின் இடமும் வலமும் 320 பிக்சல் கிராப் செய்து (வெட்டி நீக்கி), ஸ்கேல் 50 வைத்தால் 640×540 கிடைக்கும். ஆறில் ஒரு பங்கு, துல்லியமாக. கிராப் செய்யும்போது முழங்கை வெட்டுப்படக் கூடாது. தலைக்கு மேல் கொஞ்சம் இடமும் கீழே இடுப்பு வரையும் தெரிய வேண்டும். இப்போது நாகரிகமாகிவிட்ட வட்ட வடிவச் சட்டத்தை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். கையை விரித்தால் பாதி வட்டத்துக்கு வெளியே போய்விடும்.

பின்னணியை நீக்குவதற்காகப் பயன்படுத்தும் பச்சைத் திரையிலும் கவனம் தேவை. கை வேகமாக அசையும்போது விரலின் விளிம்பில் பச்சை கலந்து மங்கும்; நிறத்தை நீக்கும்போது விரலும் சேர்ந்தே கரையும். ஒரே நிறச் சுவர், அதிலிருந்தும் தோல் நிறத்திலிருந்தும் வேறுபட்டுத் தெரியும் சட்டை, ஷட்டர் வேகத்தைச் சற்றுக் கூட்டிய கேமரா, இவை போதும்.

அழகுக்காகக் கிளிப்பை இடவலம் திருப்பிப் போடுபவர்கள் உண்டு. மொழிபெயர்ப்பாளர் வரைபடத்தின் வலப்பக்கத்தைச் சுட்டியிருந்தால், திருப்பிய பிறகு அவர் கை வேறொரு மாவட்டத்தைக் காட்டும். மொழிபெயர்ப்பாளர், பேச்சாளரின் பேச்சுக்குச் சில விநாடிகள் பின்தங்கித்தான் வருவார். கேட்டுப் புரிந்துகொண்டு பெயர்ப்பதால் அது இயல்பு. ஒலியோடு பொருத்துகிறேன் என்று அந்த இடைவெளியை வெட்டாதீர்கள். பேச்சாளர் முடித்ததும் பெட்டியை மறைத்தால் கடைசி வாக்கியம் தொலைந்துபோகும். மூலவீடியோவின் எடிட்டிங் முழுவதும் முடிந்த பிறகே மொழிபெயர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று விலை பேசும்போதே சொல்லிவிடுகிறேன்.

"கீழேதான் தமிழில் எழுத்து ஓடுகிறதே?" என்று கேட்பார்கள். பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைமொழிதான் முதல்மொழி. வேகமாக ஓடும் தமிழ் வரிகள் அவர்களுக்கு இரண்டாம் மொழி. வயதான பின் செவித்திறன் இழந்தவருக்கோ எழுத்துதான் உதவும். ஆகவே இரண்டும் வேண்டும், ஒன்றை ஒன்று மறைக்காமல். லோகோ, பெயர்ப்பட்டை, ஓடும் செய்திவரி எதுவும் பெட்டியின் மேல் ஏறக் கூடாது. செங்குத்து வீடியோவில் வலது கீழ்மூலையை மறந்துவிடுங்கள். செயலியின் பொத்தான்கள் அங்கேதான் வந்து உட்காரும். செங்குத்து வீடியோவில் நான் திரையை மேலும் கீழுமாகப் பிரித்து, ஒரு பகுதியை முழுவதுமாக மொழிபெயர்ப்பாளருக்கே கொடுத்துவிடுகிறேன்.