ஆயில் மீட்டர் 110 காட்டினால் பயப்பட வேண்டுமா?

சாதாரண கார் ஓட்டுபவருக்கு ஆயில் சூட்டைப் பற்றிக் கவலையே கிடையாது. அவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான். டேஷ்போர்டில் இருப்பது கூலன்ட் (எஞ்சினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் முள் மட்டும். அதுவும் முழு உண்மையைச் சொல்வதில்லை: கூலன்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பல கார்களில் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் காரிலோ ஆயிலுக்கென்று தனி மீட்டர். டிகிரி டிகிரியாகக் காட்டும். மே மாத மதியம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, அது 105, 108, 110 என்று ஏறுவதைப் பார்த்தால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று சின்ன வயதிலிருந்து மனதில் பதிந்துபோனதால் வரும் பயம் இது. எஞ்சின் ஆயில் அங்கே கொதிப்பதில்லை. அதன் ஆவி தீப்பிடிக்கவே 200 டிகிரிக்கு மேல் போக வேண்டும். 90 முதல் 110 வரை அது வேலை செய்ய வேண்டிய சூடுதான்.

சூட்டை வாங்கிக்கொள்வதும் ஆயிலின் வேலைகளில் ஒன்று. பிஸ்டனின் தலையில் பெட்ரோல் எரிகிறது; அந்த இடத்தைக் கூலன்ட் தொட முடியாது. அதனால் பல ஸ்போர்ட்ஸ் எஞ்சின்களில் சின்னக் குழாய் வழியாக பிஸ்டனின் அடிவயிற்றில் ஆயிலைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் பேரிங்கில் உராய்ந்து எழும் சூடு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டுச் சூடு எல்லாம் ஆயில் தலையில்தான். போர்ஷே 911 காரில் 1998 வரை கூலன்ட்டே இல்லை. காற்றும் ஆயிலுமே எஞ்சினைக் குளிர்வித்தன. இவ்வளவு தூரம் போவானேன், திருவொற்றியூர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650-ஐ முன்னாலிருந்து பாருங்கள். எஞ்சினுக்கு முன்னால் நிற்கும் அந்தச் சின்ன ரேடியேட்டரில் ஓடுவது ஆயில்.

ஆயிலுக்குச் சூடு முக்கியமாக வருவது வெயிலிலிருந்து அல்ல, எஞ்சின் இழுக்கும் பாரத்திலிருந்தும் சுற்றும் வேகத்திலிருந்தும். லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது கூலரில் காற்று படாததால் மீட்டர் ஏறத்தான் செய்யும். ஆனால் நிமிடத்துக்கு 800 சுற்றில் எஞ்சின் உற்பத்தி செய்யும் சூடே குறைவு. அதனால் ஃபேன் ஒழுங்காக ஓடினால் ஓரிடத்தில் போய் நின்றுவிடும். உண்மையில் ஆயிலை வாட்டுவது ரேஸ் டிராக். இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டினார்களே, அந்த மாதிரி முழு ஆக்சிலேட்டரில் சுற்றிக்கொண்டே இருந்தால் 130 தாண்டுவது பெரிய விஷயமில்லை.

அப்படித் தாண்டினால் என்ன ஆகும்? ஆயில் நீர்த்துப்போகும். 40 கிரேடு ஆயிலின் பாகுநிலை (கெட்டித்தன்மை) 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்க வேண்டும் என்பது வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ-யின் விதி. அதே ஆயில் 40 டிகிரியில் இதைப்போல ஆறேழு மடங்கு கெட்டி. சூடு ஏற ஏற எதிர்த்திசையில் போகும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் கனமுள்ள ஆயில் படலம். உலோகமும் உலோகமும் தொடாமல் காப்பது அது ஒன்றுதான். ஆயில் நீர்த்தால் படலம் மெலியும், பிரஷரும் இறங்கும். மாதவரத்தில் ஒரு மெக்கானிக் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: “சூட்ட மட்டும் பாத்து இன்னா சார் பண்ணப்போற, பிரஷர பாரு சார்.” 120 டிகிரியில் பிரஷர் நன்றாக இருந்தால் ஓட்டலாம். 105-லேயே பிரஷர் விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும்.

இன்னொரு சேதம் மெதுவாக வரும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயில் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 110-க்கும் 130-க்கும் நடுவே நான்கு மடங்கு. சிந்தெடிக் ஆயில் இதை நன்றாகவே தாங்கும், ஆனாலும் டிராக்கில் ஓட்டிய பிறகு புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. டர்போ வண்டி என்றால் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி அணையுங்கள். இல்லையென்றால் சூடான பேரிங்கில் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும்.

குறைவான சூட்டைப் பற்றித்தான் யாரும் கவலைப்படுவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விட்டாலும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். கூடவே எரியாத பெட்ரோலும். இரண்டும் ஆவியாகி வெளியேற ஆயில் 100-ஐ ஒட்டிப் போக வேண்டும். கூலன்ட் சீக்கிரம் சூடாகிவிடும். ஆயிலுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரை போய்த் திரும்பி கவர் போட்டு மூடி வைக்கும் கார் அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. மழை மாதத்தில் அதன் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள், வெளிறிய மஞ்சளில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கலாம். கூலன்ட் அளவு குறையாமல் இருந்தால் பெரும்பாலும் அது இந்தத் தண்ணீர்தான். ஞாயிறு காலை கும்மிடிப்பூண்டி வரை ஒரு ஓட்டம் விட்டு வாருங்கள்.