பாப்பா படிக்கவில்லை, ஒப்பிக்கிறாள்

ஜூன் மாதச் சேர்க்கை நேரம். ஒரு அப்பா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து ஊர் நர்சரியில் முதல் வகுப்பு முடித்த பெண், எங்களிடம் இரண்டாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். "பாப்பா நல்லாப் படிக்குமுங்க டீச்சர், நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார். புத்தகத்தை விரித்துக் கொடுத்தேன். கடகடவென்று ஒரு பக்கத்தைச் சொல்லி முடித்தாள். ஏற்ற இறக்கம்கூட அழகாக இருந்தது. ஆனால் அவள் விரல் மூன்றாம் வரியில் இருந்தபோது வாய் ஐந்தாம் வரிக்குப் போய்விட்டிருந்தது.

படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நடுவில் இருந்த 'மரம்' என்ற ஒரு சொல்லைக் காட்டி, "இது என்ன கண்ணு?" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகப் பாடத்தின் முதல் வரியிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே வந்தால் எப்படியும் மரம் வந்துவிடும் அல்லவா?

இந்த வருடம் இது நாலாவது பிள்ளை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு ஈராசிரியர் பள்ளியில் வேலை. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் என் பொறுப்பு. எனக்குத் தெரிந்து இந்தக் குழப்பத்தில் பாதி 'படி' என்ற சொல்லாலேயே வருகிறது. கண்ணால் எழுத்தைப் பார்த்துச் சொல்வதும் படிப்புதான், வீட்டில் போய் மனப்பாடம் செய்துவிட்டு வருவதும் படிப்புதான். "நாளைக்குப் படிச்சிட்டு வா" என்றால் பிள்ளைக்கு என்ன அர்த்தம்? நெட்டுரு போட்டுக்கொண்டு வா என்று அர்த்தம். பாவம், அது சொன்னதைச் செய்கிறது. நாமும் 'நல்லாப் படிக்குது' என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறோம். மூன்றாம் வகுப்பில் பாடம் நீளமாகி, மனப்பாடம் தாக்குப்பிடிக்காமல் போகும்போது, "இத்தனை நாள் நல்லாப் படிச்சிட்டு இருந்துச்சு, உங்க ஸ்கூலுக்கு வந்துதான் கெட்டுப்போச்சு" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது இன்னொரு நம்பிக்கையைப் பார்த்துத்தான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் பிள்ளை ஒரு சொல்லைத் தொட வேண்டுமாம். படித்த பெற்றோரே இப்படித்தான் நினைக்கிறார்கள். சொல்லப்போனால் சில ஆசிரியர்களும்தான். சுவரில் அட்டவணை தொங்கும். குச்சியை வைத்துக் 'க கா கி கீ' என்று ஒரு வருடம் முழுக்க ராகம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ப, ட, ம. இந்த மூன்றும், மேலே வைக்க ஒரு புள்ளியும் தெரிந்தால் போதும்: படம், பட்டம், மடம், மட்டம். முதல் வாரத்திலேயே நாலு சொல் ஆயிற்று. அத்தனையும் பிள்ளை தானாகக் கூட்டிப் படித்தது. 'ல'வைச் சேர்த்தால் பல், மடல், பலம். 'க' வந்துவிட்டால் கல், கடல், கடகம் என்று போய்க்கொண்டே இருக்கும். 247-ஐயும் வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை 'மடல்' என்ற சொல்லின் முன்னால் திருதிருவென்று விழிப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அதற்கு வரிசைதான் தெரியும், எழுத்து தெரியாது. 'கூ' எது என்று கேட்டால் 'க'விலிருந்து விரலை நகர்த்திக்கொண்டு வந்துதான் காட்டும். மேலே சொன்ன மரம் கதையேதான் இதுவும்.

இன்னொன்று. நம் 'க' கல்லில் ஒரு மாதிரி ஒலிக்கிறது, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் இன்னொரு மாதிரி. அட்டவணையில் மட்டும் ஒரே மாதிரிதான். சொல்லுக்குள் வைத்துப் பார்த்தால்தான் பிள்ளைக்கு இது பிடிபடும். பேசத் தெரிந்த பிள்ளைக்கு இதைத் தனியாகச் சொல்லித் தரவே வேண்டாம்.

சரி, வகுப்புக்கு வருவோம். போன வாரம் ஒரு தாத்தா ஜன்னல் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போய், "ஒரே ஆட்டமும் கூத்துமா இருக்குது, நோட்டுல ஒரு எழுத்தைக் காணோம்" என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது என்னவென்று சொல்கிறேன். மூன்று பிள்ளைகள் நின்றார்கள். ஒருத்தி கையில் 'ப' அட்டை, ஒருவன் கையில் 'ல்', இன்னொருவன் கையில் துணைக்கால். முதலில் 'பல்' நிற்கும். நான் கை தட்டியதும் துணைக்கால் ஓடி வந்து நடுவில் நுழைய வேண்டும். நுழைந்தான். ஒரு விநாடி அமைதி. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "பல்லு பால் ஆயிருச்சு டீச்சர்!" அன்றைக்கு முழுக்க அந்தத் துணைக்கால் பையனை உட்காரவே விடவில்லை. படம் பாடமானது, பட்டு பாட்டானது, நடு நாடானது. குறிலும் நெடிலும் அன்றைக்குப் பதிந்த மாதிரி நான் பத்து நாள் பலகையில் எழுதிப் போட்டிருந்தாலும் பதிந்திருக்காது.

ஒற்றைக்கொம்புக்கும் இதே ஆட்டம்தான், ஆனால் இங்கே ஒரு தகராறு உண்டு. 'கெ' என்று சொல்லும்போது முதலில் க் சத்தம், பிறகு எ. எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. பிள்ளைகள் காதை நம்பி முதலில் 'க' எழுதிவிட்டுப் பின்னால் கொம்பு போடுவார்கள். அதற்கு அடிக்காதீர்கள், தயவுசெய்து. அவர்கள் காது சரியாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். கொம்பு அட்டையைப் பிடித்த பிள்ளை இடது பக்கம் ஓடி வந்து நிற்கட்டும். 'கொ'வுக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால், நடுவில் நசுங்கிக்கொண்டு 'க'. நாலு தடவை ஓடினால் உடம்புக்கே இடம் தெரிந்துவிடும்.

நோட்டில் இதெல்லாம் வராதுதான். நோட்டு நிரம்பினால் பாடம் நடந்தது என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பத்து தடவை எழுதச் சொன்னால் பிள்ளை என்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 'அம்மா' எழுதச் சொன்னால் முதலில் பத்து வரிக்கும் 'அ' போட்டுவிடும், பிறகு பத்து 'ம்', பிறகு பத்து 'மா'. செங்கல் அடுக்குகிற மாதிரி. அந்தப் பக்கத்தில் ஒரு 'அம்மா'கூட அதன் தலைக்குள் போகவில்லை.

பை விளையாட்டு ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு துணிப்பைக்குள் புளியங்கொட்டை, பூண்டு, சீப்பு, தேங்காய் நார், கூழாங்கல். கையை உள்ளே விட்டு, எடுக்காமல், பெயரைச் சொல்லாமல், எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 'வழவழன்னு இருக்குது', 'சொரசொரன்னு', 'பிசுபிசுன்னு'. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இத்தனை இரட்டைக்கிளவி தெரியும் என்று இலக்கணப் புத்தகம் பார்த்தால் ஆச்சரியப்படும். வாயே திறக்காத ஒரு பையன் இருந்தான். தேங்காய் நாரைத் தொட்டுவிட்டு, "எங்க தாத்தா தாடி" என்றான். அவன் வகுப்பில் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அவன் சொன்னதை அப்படியே பலகையில் எழுதினேன். இதில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். பிள்ளை "எங்கூட்டு ஆடு குட்டி போட்டுச்சு" என்று கண் விரியச் சொல்லும்போது, "போட்டுச்சு இல்ல, போட்டது, எங்கே சொல்லு" என்று குறுக்கே விழுவார்கள். அதோடு கதை போயிற்று. எத்தனை குட்டி, என்ன நிறம், எதுவும் வராது. வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும் வேறுவேறாக இருக்கிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. நான் முதல் நாள் 'போட்டுச்சு' என்றே எழுதிவிடுவேன். சொன்ன பிள்ளை தன் வார்த்தையைத் தானே விரல் வைத்து வாசிக்கும். தன் ஆடு என்பதால் தடுமாறாது. மறுநாள் அதற்குப் பக்கத்தில், "புத்தகத்தில் இதை இப்படிப் போடுவாங்க" என்று 'போட்டது' எழுதுவேன். சண்டையில்லாமல் இரண்டும் உள்ளே போகும்.

ல, ள, ழ மூன்றையும் நாக்குப் புரட்டும் வாக்கியங்களுக்கு விட்டுவிட்டேன். 'கடலோரம் உரல் உருளுது' ஆரம்பப் பாடம். மதிய உணவு வரிசையில் நிற்கும்போது விடுகதை. 'ஊசி நுழையாத கிணற்றில் ஒரு படி தண்ணீர்' என்று போட்டால், விடை தெரிந்த மூன்றாம் வகுப்பு, தெரியாத ஒன்றாம் வகுப்பை அரை மணி நேரம் அலைய விடுகிறது. தேங்காய் என்று தெரிந்ததும், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவை அலைய விடுவது ஒன்றாம் வகுப்பின் முறை.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது இல்லை. 2007 வாக்கில் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாகப் படியேறிக் கற்கும் முறை, வந்தபோதே அட்டையும் ஏணிப்படியுமாகத் தரையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். 2022-இல் அரசு தொடங்கிய, அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கதைக்கும் பாட்டுக்கும் வாசிப்புக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. வகுப்பு எதுவானாலும் பிள்ளை நிற்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக்கொள்கிறோம். அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் குட்டிப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக வந்தன. அரசாங்கமே விளையாடு என்கிறது. ஊர்தான் விட மாட்டேன் என்கிறது.

எங்கள் ஆட்களையும் சும்மா விடக் கூடாது. கதைப் புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற பள்ளிகள் எனக்குத் தெரியும். கிழிந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். பிள்ளை தொட்டால் புத்தகம் கிழியத்தான் செய்யும். நான் ஜன்னல் கம்பிக்குக் கம்பி கயிறு கட்டி, அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்க விட்டிருக்கிறேன். கிழிந்ததை ஒட்டப் பசையும் பழைய நாளிதழும் ஒரு டப்பாவில் இருக்கிறது, ஒட்டுவதும் அவர்கள் வேலைதான். ஒட்டுகிற சாக்கில் இன்னொரு தடவை வாசிப்பார்கள்.

பெற்றோருக்கு: பிள்ளை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் படத்தை மறையுங்கள். கடைசி வரியிலிருந்து மேலே வரச் சொல்லுங்கள். தெரிந்த எழுத்துகளை வைத்து, புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லை எழுதிக் கொடுங்கள். அர்த்தமே இல்லாமல் 'டமபல்' என்றுகூட எழுதலாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளை அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். தெரியவில்லை என்றால் பிள்ளையை வையாதீர்கள், அது உங்களை ஏமாற்றவில்லை. இரவில் பத்து நிமிடம் மடியில் வைத்துக் கதை சொல்லுங்கள், பாதியில் நிறுத்தி "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம். கதை சொல்வதில் ஊர்ப் பாட்டிகளை அடிக்க எங்களால் முடியாது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது செல்போனைக் கொடுக்காமல், வருகிற பஸ் எந்த ஊருக்கு என்று பிள்ளையையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 'சத்தி' என்று போட்டிருந்தால் அது சத்தியமங்கலம் என்று தெரிந்துகொள்ளட்டும். அந்த மரம் பாப்பா இப்போது அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறாள், ஒரு நேரத்தில் ஒரு போர்டு. அவள் அப்பா, "மெதுவாப் படிக்குதுங்களே டீச்சர், முன்ன வேகமாப் படிக்கும்" என்று கவலைப்படுகிறார். இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், அடுத்த வாரம் பாக்கெட் படிக்கும் விளையாட்டு. வீட்டில் தமிழ் எழுத்து போட்ட பிஸ்கட், உப்பு, சோப்பு, மஞ்சள்தூள் கவர் எது இருந்தாலும் கொடுத்து அனுப்புங்கள். கடலை மிட்டாய்க் கவரை மட்டும் கழுவிவிட்டு அனுப்புங்கள். போன முறை வாசிப்பு மூலை முழுக்க எறும்பு.