பார்க்கின்சனும் நான்காவது செயற்கைக்கோளும்

கைப்பேசி வரைபடத்தில் நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு மங்கலான வட்டம் விரிவதைப் பார்த்திருப்பீர்கள். "இதற்குள் எங்கோ இருக்கிறீர்கள்" என்பதுதான் அதன் பொருள். பலர் புள்ளியை நம்பிவிட்டு வட்டத்தை மறந்துவிடுகிறார்கள். அந்த வட்டம் எங்கிருந்து வருகிறது என்பது புரிய, அமெரிக்க விமானப்படைக் கர்னல் பிராட்ஃபோர்டு பார்க்கின்சன் செய்த வேலையைப் பார்த்தால் போதும்.

1957-ல் கடற்படை அகாடமியில் தேறி விமானப்படைக்கு வந்தவர் அவர். ஸ்டான்ஃபோர்டில் 1966-ல் முனைவர் பட்டம் பெற்றார். ஜைரோவையும் முடுக்கமானியையும் மட்டும் வைத்து இடத்தைக் கணக்கிடும் கருவிகள் அவருக்கு அத்துப்படி. அவற்றில் பிழை நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும். ஏசி-130 பீரங்கி விமானத்தின் குறிபார்க்கும் அமைப்பிலும் வேலை செய்து, வியட்நாம் போரில் அதிலேயே பறந்தார். 1972-ல், பின்னாளில் ஜி.பி.எஸ். ஆன செயற்கைக்கோள் வழிகாட்டித் திட்டம் அவர் கைக்கு வந்தது. குழுவின் இலக்குகள் இரண்டு: ஒரே குழியில் 5 குண்டுகள் விழ வேண்டும், ரிசீவரின் விலை 10,000 டாலருக்குள் இருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் கடினம். சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். ஆனால் கடிகாரம் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். ஒவ்வொரு சிப்பாயின் முதுகிலும் அணுக்கடிகாரத்தை ஏற்ற முடியாது. ஆகவே ரிசீவரில் மலிவான குவார்ட்ஸ் கடிகாரமே இருக்கட்டும், அதன் பிழையையும் நாலாவது விடை தெரியா எண்ணாக வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. அட்சம், தீர்க்கம், உயரம், நேரம் என்று நான்கு. ஓர் எண்ணுக்கு ஒரு கோள் என்பதால் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள். உங்கள் சட்டைப்பையில் ஜி.பி.எஸ். இருப்பதற்கு இந்த நான்காவது கோள்தான் காரணம்.

யோசனை அவர் ஒருவருடையது அல்ல. ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷனின் 1960-களின் ஆய்வில் அது இருந்தது. விண்ணில் அணுக்கடிகாரம் என்ற பாதையைக் கடற்படை ஆய்வகத்தின் ரோஜர் ஈஸ்டன் போட்டிருந்தார். ஜி.பி.எஸ்.-ஸின் 'தந்தை' என்ற பட்டத்தை ஒருவருக்கே கட்டுவது நியாயமாகப் படவில்லை. 1973 ஆகஸ்டில் முதல் திட்டம் நிராகரிக்கப்பட்டதும், செப்டம்பர் முதல் வார விடுமுறையில் வெறிச்சோடிக் கிடந்த பென்டகனில் சிலரோடு உட்கார்ந்து, விமானப்படை, கடற்படை இரு தரப்பின் யோசனைகளிலும் நல்லதை எடுத்துப் புதிய வடிவம் தந்தார் பார்க்கின்சன். அவருடைய திறமை அங்கேதான் இருக்கிறது. டிசம்பரில் அனுமதி கிடைத்தது. கோள்கள் ஏறும் முன்பே அரிசோனாவின் யூமா பாலைவனத்தில் தரையில் டிரான்ஸ்மிட்டர்களை நட்டு, அவற்றையே செயற்கைக்கோளாகப் பாவித்து ரிசீவர்களைச் சோதித்தார்கள்.

1977-ல் என்.டி.எஸ்-2 என்ற சோதனைக் கோளில் சீசியம் அணுக்கடிகாரம் போனது. விண்ணில் கடிகாரம் வேறு வேகத்தில் ஓடும் என்பது ஐன்ஸ்டீனின் சார்பியல் கணக்கு. அதைச் சரிக்கட்டும் மின்சுற்றை முதல் 20 நாள் அணைத்தே வைத்தார்கள், விளைவு உண்மையா என்று பார்க்க. உண்மைதான். ஜி.பி.எஸ். சுற்றுப்பாதையில் கடிகாரம் நாளுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி முந்துகிறது. விட்டுவைத்தால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும்.

இனி பலவீனம். 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு அளவே இருக்கும். பின்னணி இரைச்சலுக்கும் கீழே கிடக்கும் அதை, 1023 துண்டுகள் கொண்ட குறியீட்டோடு ஒப்பிட்டுத்தான் ரிசீவர் மீட்கிறது. ஆகவே அருகிலிருக்கும் மிகச் சிறிய ஜாமர்கூட (சிக்னலை அமுக்கும் கருவி) அதை விழுங்கிவிடும். காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் அளவிலேயே சட்டவிரோத ஜாமர்கள் உண்டு. ஓய்வுக்குப் பிறகும் பார்க்கின்சன் வலியுறுத்தி வந்தது இதைத்தான்: அலைவரிசையைக் காப்பாற்று, ரிசீவரை வலுவாக்கு, மாற்றுவழி வைத்துக்கொள்.

நடைமுறைக்கு வருவோம். இணையம் இல்லாத இடத்தில் ரிசீவரைத் திறந்தால், திறந்த வானத்தின் கீழ் அசையாமல் குறைந்தது ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு கோளின் சுற்றுப்பாதைத் தகவல் வர 30 நொடி. நடுவே சிக்னல் அறுந்தால் விட்ட பகுதி மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து நீண்ட வழியில் வருவதால், புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். அங்கே வண்டி ஓட்டும்போது புள்ளியைவிடப் பெயர்ப்பலகையை நம்புவது மேல்.

தென்னிந்தியா, இலங்கைக்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலம் (வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்கு) கொந்தளித்துச் சிக்னல் படபடக்கும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் அதிகம். ஒற்றை அலைவரிசை ரிசீவர் அயனி மண்டலப் பிழையில் பாதியைத்தான் களையும். எல்1, எல்5 என்ற இரு அலைவரிசைகளையும் வாங்கும் கைப்பேசியால் இதைவிட நன்றாகக் களைய முடியும். படபடப்பில் சிக்னலே அறுந்தால் அதற்கும் வழியில்லை. நில அளவை வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பழைய ரிசீவர் வைத்திருப்பவர்கள் அது காட்டும் தேதியையும் பாருங்கள். வார எண்ணுக்கு 10 பிட் மட்டுமே ஒதுக்கியதால் 1024 வாரங்களுக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவிகள் சுமார் 20 ஆண்டு பின்னே போயின. அடுத்தது 2038 நவம்பரில்.