மாட்ரிட்டின் நீல மண் ஏன் வழுக்கியது?

2012 மே மாதம், மாட்ரிட் ஓபன் டென்னிஸ் தொடரின் மூன்றாவது சுற்றில் ரஃபேல் நடால் தோற்றார். அதுவும் சொந்த நாட்டில், அவர் அரசராக வலம்வந்த மண் தரையில். வென்றவர் சக ஸ்பெயின் வீரர் பெர்னாண்டோ வெர்டாஸ்கோ. அதற்கு முன் இருவரும் மோதிய 13 ஆட்டங்களிலும் நடாலே வென்றிருந்தார். அன்றும் கடைசி செட்டில் 5-2 என்று முன்னிலையில் இருந்தவர், அங்கிருந்து 5-7 என்று கோட்டைவிட்டார். மறுநாள் காலிறுதியில் நோவக் ஜோகோவிச்சும் வெளியேறினார். தரை வழுக்குகிறது, அடுத்த ஆண்டும் இதே தரை என்றால் வரமாட்டோம் என்று இருவருமே சொன்னார்கள். அந்தத் தரையின் நிறம் நீலம்.

தோற்றவர்களின் சாக்கு என்று அப்போது சிலர் இதை ஒதுக்கினார்கள். அது நியாயமில்லை. ஒரு மண் தரை எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் அந்தப் புகாரின் எடை புரியும்.

செந்நிற ஆடுகளத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது ஓரிரு மில்லிமீட்டர் கனமுள்ள செங்கல் தூள் மட்டுமே. அதற்குக் கீழே நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லை இறுக்கிப் பரப்பிய படுகை. அதற்கும் கீழே நிலக்கரிச் சாம்பல்கட்டி, சரளை, பெரிய கற்கள் என்று அடுக்குகள் இறங்கும். அடியிலிருக்கும் கற்கள் மழைநீரை வடிக்கின்றன. சுண்ணாம்புப் படுகை ஈரத்தைப் பிடித்துவைத்து, நுண்துளைகள் வழியாக மெல்ல மேலே அனுப்புகிறது. அந்த ஈரம்தான் ஆடுகளத்தின் உயிர். தூளின் இரண்டு மணிகளுக்கிடையே நூலளவு நீர் நின்றால், அதன் பரப்பு இழுவிசை இரண்டையும் கட்டி இழுக்கும். ஈரம் காய்ந்தால் பிடி விட்டு மணிகள் உருள ஆரம்பிக்கும், மிஞ்சினால் சேறாகும். காற்றிலிருக்கும் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் கால்சியம் குளோரைடு உப்பைப் பல இடங்களில் தூவுவதும், ஆட்டங்களுக்கு நடுவே தண்ணீர் தெளிப்பதும் இந்தச் சமநிலைக்காகவே.

பந்து வந்து விழும் கணத்தைப் பார்ப்போம். பந்தின் அடிப்பாகம் தரையில் உரசி முன்னோக்கி வழுக்க முயல்கிறது. சொரசொரப்பான தூள் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. புல்தரையைவிட இங்கே உராய்வு கூடுதல் என்பதால் முன்வேகம் அதிகமாகக் குறைகிறது. அதோடு, பந்து தூளைத் தள்ளிக்கொண்டு போகும்போது அதன் முன்னால் சின்ன மேடு ஒன்று சேர்கிறது. அதுவும் பந்தை மேலே எற்றுகிறது. அடியில் இருப்பது இறுகிய படுகை என்பதால் எழும்பும் உயரமும் குறைவதில்லை. வேகம் தணிந்து, உயரம் கூடிய பந்து எதிராளிக்குக் கூடுதல் அவகாசம் தருகிறது. மண் தரையில் ஒரு புள்ளிக்காக இருபது, இருபத்தைந்து அடிகள் தொடர்வது இதனால்தான். நடாலின் டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழலும்) பந்துகள் எதிராளியின் தோளுயரத்துக்குத் துள்ளியதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

வீரரின் காலுக்கும் இதே கணக்குதான். மண் தரையில் தேர்ந்தவர்கள் பந்தை அடித்த பிறகு சறுக்குவதில்லை. சறுக்கிக்கொண்டே வந்து, நிற்கும் தறுவாயில் அடிக்கிறார்கள். மேலுள்ள தூள் கொஞ்சம் நகர்ந்து கொடுக்க வேண்டும். நகர்ந்த தூள் காலணிக்கு முன்னால் குவிந்து தடையாக வேண்டும். கீழுள்ள படுகை அந்தத் தூளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் சறுக்கல் வீரரின் கட்டுப்பாட்டில் இருக்கும்.

இப்போது மாட்ரிட்டுக்கு வருவோம். இந்தத் தொடர் 2002-இல் உள்ளரங்கக் கடினத் தரையில் தொடங்கியது. 2009-இல் காஹா மாஹிகா என்ற புதிய அரங்குக்கும் செம்மண்ணுக்கும் மாறியது. பெண்களுக்கான போட்டியும் அந்த ஆண்டில்தான் சேர்ந்தது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. பறக்கும் பந்துக்குத் தடை குறைகிறது, சுழலும் பந்தைக் கீழே வளைக்கும் விசையும் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் பந்து சற்று விறைத்து, கூடுதலாகத் துள்ளுகிறது. ஆகவே மண் தரைத் தொடர்களில் மாட்ரிட் வேகமானது. 2009 இறுதியாட்டத்தில் ரோஜர் ஃபெடரர் நடாலை 6-4, 6-4 என்று வென்றதற்கு இந்தக் காற்றும் துணைநின்றது. முந்தைய நாள் ஜோகோவிச்சுடனான அரையிறுதியில் நடால் நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடியிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொடரின் அப்போதைய உரிமையாளர் இயோன் சிரியாக், ருமேனியாவின் முன்னாள் வீரர். தொலைக்காட்சியில் மஞ்சள் பந்து தெளிவாகத் தெரிய நீலத் தரை வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தில் பிழையில்லை. அமெரிக்க ஓபன் 2005-இலும் ஆஸ்திரேலிய ஓபன் 2008-இலும் நீலத் தரைக்கு மாறியிருந்தன. கடினத் தரைக்கு நீல வண்ணம் பூசினால் போதும். செங்கல் தூளில் அது நடக்காது. செங்கல்லின் சிவப்பு அதிலுள்ள இரும்பு ஆக்சைடால் வருவது; அதை நீக்கி வெளுத்த பிறகே நீலச் சாயம் ஏற்றினார்கள்.

சிக்கல் சாயத்தில் இருந்ததா? அன்று பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம் வேறு: அடிப்படுகை அளவுக்கு மீறி அழுத்தி இறுக்கப்பட்டிருந்தது, மேலே தூவிய தூள் அதைப் பற்றவில்லை. வழவழப்பான தரையில் கேழ்வரகைக் கொட்டி அதன்மேல் ஓடச் சொன்னால் எப்படியிருக்கும்? சறுக்கல் தொடங்கும், எங்கே நிற்கும் என்பது கால்களுக்குத் தெரியாது. குட்டையான காலடிகள் வைத்து, பந்து எழும்பும்போதே அடித்து, புள்ளியைச் சீக்கிரம் முடிப்பவர்களுக்கு அதில் பாதிப்பு குறைவு. தாமஸ் பெர்டிச்சை மூன்று செட்களில் வென்று கோப்பையைத் தூக்கியவர் ஃபெடரர். 2006-இல் கடினத் தரை, 2009-இல் செம்மண், 2012-இல் நீல மண் என ஒரே தொடரை மூன்று தரைகளில் வென்றுவிட்டார். வியக்க வேண்டிய சாதனை இது. பெண்கள் பிரிவில் செரீனா வில்லியம்ஸ் வென்றார். அடுத்த ஆண்டு நீல மண்ணுக்கு ஆண்கள் டென்னிஸ் அமைப்பான ஏடிபி அனுமதி தரவில்லை. 2013-இல் செம்மண் திரும்பியது, கோப்பையும் நடாலிடம் திரும்பியது.

சீராகப் போடப்பட்ட படுகையில் நீலத் தூள் எப்படி நடந்துகொண்டிருக்கும் என்று சோதிக்க யாருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

செந்தூளிலும் சர்ச்சை ஓயவில்லை. 2025-இல் ஏடிபி தொடர்களில் கோட்டு நடுவர்களுக்குப் பதில் கேமராக் கணிப்பு வந்தது. அந்த ஆண்டு மாட்ரிட்டில், கேமரா உள்ளே என்று சொன்ன ஒரு பந்தின் தடம் கோட்டுக்கு வெளியே தெரிகிறது என்று அலெக்சாண்டர் ஸ்வெரெவ் கைபேசியில் படமெடுத்து, நடுவரின் எச்சரிக்கைக்கு ஆளானார். கண்ணால் கண்ட தடம் பொய்யாகுமா என்று கேட்கலாம். தூள் தடிமனாகக் கிடக்கும் இடத்தில் பந்து தள்ளிய மணிகள் சிதறித் தடம் பெரிதாகும். மெல்லியதாக இருக்கும் இடத்தில் பந்து தொட்ட பகுதி முழுவதும் பதியாமலே போகும். தரையோடு பதித்த கோடு சற்று மேலெழும்பியிருந்தால் அதன் ஓரத்தில் உரசிய பந்து கோட்டின் மேல் எந்த அடையாளமும் விடாமல் போகலாம். கேமராக் கணிப்புக்கும் தனக்கென்று மில்லிமீட்டர் கணக்கில் பிழை எல்லை உண்டு. அதே 2025-இல் பாரிஸின் ரோலாண்ட் கேரோஸ் (பிரெஞ்சு ஓபன்) தொடர் கோட்டு நடுவர்களையே வைத்துக்கொண்டது. சந்தேகம் வந்தால் அங்கே நடுவர் இருக்கையிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, தடத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்.